மாமியாரின் தாடை ஆறு அட்டைகளில்

மனித இனத்தில் நாலாயிரத்து முந்நூறு வகைகளை நடையைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அந்த நாலாயிரத்தைத் தள்ளிவிடுங்கள். மீதி முந்நூறில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள், ஆகவே அதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூட்டாமல் குறைக்காமல் ஒன்று சொல்கிறேன். உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முகத்தைப் பார்க்காமல், உங்கள் சட்டையின் மடிப்பைப் பார்த்து ஏங்குகிற வகை இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். துணி அட்டைக்காரர்.

பார்த்ததில்லை என்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, நம் துப்பட்டா போன வாரம் இதைவிட நீளமாக இருந்ததே என்று யோசித்திருப்பீர்கள்.

இவர் செய்வது இதுதான். சீட்டுக்கட்டில் இருக்கும் ஒரு சீட்டின் அளவுக்கு, ஒரு நூல்கூடக் கூடாமல் குறையாமல், துணியால் ஓர் அட்டை செய்வார். அடியில் ஒரு துணி, விறைப்பாக நிற்க நடுவில் சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸ், மேலே துண்டுதுணிகளை வெட்டி ஒட்டித் தைத்து ஒரு வீடோ மரமோ மீனோ, நாலு பக்கமும் காஜா தையல். அதை விற்கமாட்டார். சட்டம் போட்டு மாட்டவும் மாட்டார். தன்னைப் போன்ற இன்னொருவரிடம் கொடுத்து, அவர் செய்ததை வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! தீப்பெட்டிகூடப் பார்க்கச் சாதுதான்.

கையில் ஓர் அட்டை வந்ததும் அவர் செய்கிற சடங்கைப் பாருங்கள். முதலில் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார். பின்பக்கத்தைத் திருப்பி முடிச்சுகளை எண்ணுவார். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உள்ளே கேன்வாஸ் வைத்திருக்கிறதா, பழைய போர்வையை வைத்து ஏமாற்றியிருக்கிறதா என்று சோதிப்பார். பிறகுதான் "அடடா!" என்பார். இந்த அடடா நீண்டுகொண்டே போனால் அட்டை மட்டம் என்று பொருள். உண்மையிலேயே நன்றாக இருந்தால் அடடா வராது. முகம் மட்டும் லேசாக வாடும்.

"குடுக்கறதுலதாங்க சந்தோஷமே இருக்கு" என்பார், கூட்டத்துக்குக் கூட்டம். அந்தச் சந்தோஷத்துக்காகவே எதையும் இரண்டாகச் செய்வார். கொடுக்க ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று. எது எதற்கு என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்து மேசையில் வைப்போம். இவர் பல் டாக்டர். கைராசிக்காரர். குறடு பல்லைத் தொட்டதும் தெரியாது, விட்டதும் தெரியாது. பல் வைத்தியர்களுக்கு உரிய வளைந்த ஊசி, நுனி கூரான இடுக்கி, பல் இடுக்கில் விடுகிற மெழுகு நூல், தலைக்கு மேல் நிழல் விழாத விளக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யாராக இருந்தாலும் கெட்டுத்தான் போவார்கள். இவர் கெட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது.

அதிலும் ஒரு பெரிய வசதி. அவரிடம் வருகிறவர்களால் பேச முடியாது.

"இந்தச் சட்டை எங்க எடுத்தீங்க?" என்பார், நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் எலக்ட்ரீஷியனிடம், வாய்க்குள் பஞ்சை அடைத்துக்கொண்டே.

"ஆ... ஆ..."

"உள்பக்கம் மடிப்புல துணி தாராளமா விட்டிருக்கான். ஒரு விரல் அகலம் எடுத்துக்கட்டுமா?"

"ஆஆஆ!"

"பெரிய மனசு உங்களுக்கு."

முன்னறையில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. வெளியே வருகிறவர்களுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பதும் நாளடைவில் அவள் வேலையாகிவிட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் டெலிபோன், அந்தப் பக்கம் தையல் மிஷின். பல் வலி என்று ஓடி வருகிறவர்கள் நல்ல உடுப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டோடு இருக்கும் மாமியாருக்கு அந்த வசதி இல்லை. எந்த விசேஷத்துக்கும் உடுத்த மனம் வராமல் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த மழைமேக நிறப் புடவையை ஒருநாள் பிரித்தபோது, முந்தானை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சீட்டளவு ஓட்டை. அதன் வழியே அவர் பார்த்தபோது மறுபக்கம் மாப்பிள்ளை தெரிந்தார். கையில் கத்திரிக்கோலோடு.

அந்த மேகத்தில் பிறந்ததுதான் 'மழை ஜன்னல்.' அவர் செய்ததிலேயே தலைசிறந்தது. வானத்துக்கு மாமியாரின் புடவை. ஜன்னல் சட்டத்துக்கு யாரோ ஒருவருடைய கால்சட்டையின் கீழ்மடிப்பு. பல் இடுக்கு நூலால் சாய்வாகப் பெய்யும் மழை, ஒவ்வொரு தூறலும் ஒரே சாய்வில். ஜன்னல் விளிம்பில் விழலாமா வேண்டாமா என்று தொங்கும் ஒரே ஒரு சொட்டு, அது ஒரு முடிச்சு. வழக்கப்படி இதையும் இரண்டாகச் செய்தார். இரண்டாவதைத் தைக்கும்போது டெலிபோன் அடித்ததில் ஒரே ஒரு தூறல் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மற்றபடி இரட்டைப் பிறவிகள். கோணல் மழையைக்கூட அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் கவரில் போட்டு, 'பயன்படுத்திய ஊசிகள், தொடாதீர்கள்' என்று எழுதிய டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

அவர்களுக்கு ஒரு வட்டம் உண்டு. ஏழு பேர். தையல் வகுப்பின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஆளுக்கு ஆறு அட்டை கொண்டுவந்து மற்ற ஆறு பேருக்கும் கொடுக்க வேண்டும். தலைவியின் பட்டப்பெயர் அளவுகோல் அக்கா. உத்தியோகம் நில அளவை. வயல்களை அளந்த கையோடு அட்டைகளையும் எஃகு ஸ்கேல் வைத்து அளப்பார். மயிரிழை கூடினாலும் "ஆக்கிரமிப்பு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். படத்தில் யானை தலைகீழாக நின்றாலும் கவலைப்படமாட்டார். படத்தை அவர் பார்த்ததாகவே சரித்திரம் இல்லை. இன்னோர் உறுப்பினர் பஸ் டிரைவர். அவர் எல்லா வண்டிகளின் பின்பக்கத்தையும் மட்டுமே தைப்பார். பாவம், வாழ்நாளெல்லாம் அவர் பார்த்தது அதைத்தான்.

அந்த மாதம் டாக்டர் தனக்கென்று எடுத்துக்கொண்ட தலைப்பு 'நிலா.' டாக்டர் ஆறு இரவுகளை வெட்டி, ஆறு நிலாவுக்கு ஆறு சட்டைப் பட்டன்கள் தேடினார். ஒன்று மட்டும் சிக்காமல், ஒரு நோயாளியின் மேல்கோட்டிலிருந்து கிண்ணம் போன்ற பட்டன் ஒன்றைத் தானமாகப் பெற்றார். ("ஆஆ!" "ரொம்ப நன்றி.") எல்லாம் தயார். அப்போது பார்த்தால் கேன்வாஸ் தீர்ந்துவிட்டது.

வேறு யாராவது கடைக்குப் போயிருப்பார்கள். துணி அட்டைக்காரர் கடைக்குப் போவதில்லை, வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். டாக்டரின் அலமாரியில் பழைய நோயாளிகளின் முழுவாய் எக்ஸ்ரே படங்கள் அடுக்கியிருந்தன. காது முதல் காதுவரை, தாடை மொத்தத்தையும் ஒரே நீளத்தில் காட்டும் படங்கள். விறைப்பு சரியாக இருந்தது, வளைந்த ஊசி சுலபமாக உள்ளே போனது. நீளத்தில் மூன்று, உயரத்தில் இரண்டு என்று வெட்டினால் அச்சாக ஆறு அட்டை! இப்படியொரு ஒற்றுமையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அடுக்கின் அடியில் இருப்பவைதான் பழைய படங்கள். குனியச் சோம்பல்பட்டு மேலே இருந்ததை எடுத்தார்.

மேலே இருந்தது, அன்று காலை எடுத்த மாமியாரின் படம்.

கூட்டத்தில் டிரைவர் தன் பங்குக்கு வந்த நிலாவை வழக்கப்படி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"டாக்டர்... நிலாவுக்குப் பின்னாடி யாரோ பல்லைக் காட்டறாங்க!"

எல்லோரும் அவரவர் நிலாவைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒவ்வோர் இரவுக்குள்ளும் சாம்பல் நிறத்தில் வேர் விட்ட பற்கள் தெரிந்தன. அறையில் ஒருவர்கூட அடடா சொல்லவில்லை. எல்லா முகமும் வாடியது.

"உள்ளடுக்கு வேலையா?" என்றார் ஒருவர், அட்டையைத் திருப்பி முடிச்சுகளை எண்ணிக்கொண்டே.

"ஏதோ, சின்னதா ஒரு உத்தி" என்றார் டாக்டர். யாருடைய பல் என்று திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. புகழ்ச்சி வரும்போது முகவரி கேட்பவர் யார்?

மறுநாள் காலை மாமியார் ஒரு கன்னத்தில் பந்து வைத்ததுபோல் வீங்கிய முகத்தோடு நாற்காலியில் வந்து சாய்ந்தார். இரண்டு பற்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன, இரண்டும் பார்க்க ஒரேமாதிரி கெட்டிருந்தன. ஒன்றைப் பிடுங்க வேண்டும், ஒன்றைக் காப்பாற்றலாம். எது எது என்று வேரைப் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் மரத்துப்போக ஊசியும் போட்டுவிட்டுப் படத்தை எடுக்க அலமாரிக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றார்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று மனைவி உள்ளே வந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள், குப்பைக் கூடையைப் பார்த்தாள். அதில் மெல்லிய ஓரத் துண்டொன்று கிடந்தது. அதில் அம்மாவின் காது.

"என் படத்தை என்ன பண்ணினீங்க மாப்பிள்ளை?" என்று மாமியார் பாதி மரத்த வாயால் கேட்டார்.

"மாத்திக்கிட்டேன் அத்தை."

"என் தாடையையா? எதுக்கு மாத்தினீங்க?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு பூனை, ஒரு காளான், ஒரு குடை, ஒரு லாரியோட பின்பக்கம். இன்னொண்ணு என்னன்னு தெரியல, கோழியா இருக்கலாம்."

"ஒரு நல்ல பொருளாவது வாங்கியிருக்கக்கூடாதா?" என்றார் மாமியார்.

"இன்னொரு படம் எடுத்துடலாம் அத்தை. ஒரு நிமிஷ வேலை."

"முடியாது. அந்த மிஷின் என் தலையைச் சுத்தி வந்தப்ப அசையாம நின்னேன் பாருங்க, என் ஆயுசுல நான் அசையாம நின்னது அது ஒரு தடவைதான். மறுபடி வராது. வலிக்கறது கடைசிக்கு முந்தின பல்லு. பிடுங்குங்க."

"வலி ஒரு இடத்துல காட்டும், வேர் வேற இடத்துல கெட்டிருக்கும் அத்தை."

"அப்ப போய் என் தாடையை வாங்கிட்டு வாங்க!"

டெலிபோன்கள் பறந்தன. ஆனால் வட்டத்தில் ஒரு விதி உண்டு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது, இன்னொன்றுக்கு மாற்றத்தான் செய்யலாம். இரவல் தரவும் ஒருவரும் தயாராக இல்லை. தங்கள் கண்ணெதிரே இருந்தால் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆக, பஸ்ஸை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு டிரைவர் வந்தார். வயலைப் பாதி அளந்தபடி விட்டுவிட்டு அளவுகோல் அக்கா வந்தார். மற்ற நால்வரும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்கள். ஆறு பேரும் ஜன்னலோரம் வரிசையாக நின்று, ஆளுக்கொரு நிலாவைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார்கள்.

டாக்டர் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அந்த ஊதா கொஞ்சம் கீழ வரட்டும். நீலம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேண்டாம், கண்ணுல அடிக்குது. டிரைவர் அண்ணே, நீங்க ஓரத்துக்குப் போங்க. ஆ, இப்ப ஒரு அமைதி வந்திருக்கு!"

"ஏங்க" என்றாள் மனைவி, "அம்மாவோட முன்பல்லு காதுக்குப் பக்கத்துல இருக்கு."

மறுபடி மாற்றினார்கள். அதிலும் சண்டை. நடுவில் நிற்பது யார்? முன்பல் வைத்திருப்பவர் தன்னுடையதே முக்கியம் என்றார். கடைவாய்க்காரர் மெல்லுவதெல்லாம் இங்கேதான் என்றார். டிரைவர் மட்டும், "பின்பக்கம் எதுவோ அதைக் குடுங்க, எனக்குப் பழக்கம்" என்றார். நாற்காலியில் கிடந்த மாமியார் தன் சொந்தத் தாடை தன் கண்முன் இப்படிக் கட்சி பிரிந்து சண்டை போடுவதை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மரப்பு கன்னத்தின் மேல்பாகத்திலிருந்து மெல்ல விலக ஆரம்பித்திருந்தது.

ஒருவழியாகத் தாடை கூடியது. எல்லாப் பற்களும் தெரிந்தன, அந்த இரண்டைத் தவிர. அந்த இரண்டின் வேருக்கும் மேல், அளவுகோல் அக்காவின் அட்டையில், கிண்ணம் போன்ற மேல்கோட்டுப் பட்டன் முழுநிலாவாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அந்தப் பட்டனை மட்டும் பிரிச்சு எடுத்துடறேன்."

"என் எல்லைக்குள்ள இருக்கற பட்டன் டாக்டர்" என்றார் அக்கா. "பிரிச்சா இது நிலா ராத்திரி இல்ல, வெறும் ராத்திரி. வேற ஒண்ணு குடுங்க, மாத்திக்கலாம்."

டாக்டர் இழுப்பறையைத் திறந்து தங்கமீன் ஒன்றைக் காட்டினார். அக்கா தலையசைத்தார், மேலும் கீழுமாக அல்ல. பட்டாம்பூச்சி காட்டினார். தோட்டம் காட்டினார். மாமியார் "மாப்... மாப்..." என்று தொடங்கினார்.

"ஊசி டப்பாவைத் திறங்க டாக்டர்" என்றார் அக்கா அமைதியாக.

"அதுல பயன்படுத்தின ஊசிதான்..."

"என் வீட்டுல 'எலி மருந்து'ன்னு எழுதியிருக்கு. டிரைவர் வீட்டுல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க."

டிரைவர் தரையைப் பார்த்தார். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அறையில் அவ்வளவு உண்மை அதற்கு முன் ஒரே நேரத்தில் கூடியதில்லை.

டாக்டர் டப்பாவைத் திறந்து இரண்டு மழை ஜன்னல்களையும் எடுத்தார். கருவிகள் வைக்கும் தட்டில், மாமியாரின் கைப்பக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோணல் மழையைத் தொட்டார். நேர் மழையைத் தொட்டார். மறுபடி கோணல் மழை. யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அவருக்குத் தெரியும். அத்தையின் வலி ஒரு பக்கம், ஒரே சாய்வில் பெய்யும் மழை ஒரு பக்கம். இத்தனை வருடம் கண்டவர் வாயிலிருந்தெல்லாம் பிடுங்கிய மனிதர், முதல்முறையாகத் தன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, நேர் மழையைத் தட்டின் இந்த ஓரத்துக்கு நகர்த்தினார்.

"இது உங்களுக்கு, அக்கா. எடுத்துக்குங்க."

பிறகு வளைந்த கத்திரியால் பட்டன் நூலை வெட்டினார். நிலா தரையில் விழுந்து உருண்டது. எல்லோரும் ஜன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டினார்கள். வேர் தெரிந்தது. கடைசிக்கு முந்தின பல்லின் வேர்தான் கெட்டிருந்தது. மாமியார் முதலிலிருந்தே சொன்ன அதே பல்.

ஒரு நொடியில் பல் வெளியே வந்தது. அளவுகோல் அக்கா தட்டின் ஓரத்திலிருந்த அட்டையை எடுத்து ஸ்கேலை வைத்தார். நீளம் சரி, அகலம் சரி. "ஆக்கிரமிப்பு இல்லை" என்று கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். டாக்டர் தட்டின் பக்கம் திரும்பிப் பார்க்க மனமில்லாமல், கழுவும் தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். கொடுப்பதில் சந்தோஷம் என்று அத்தனை கூட்டத்தில் சொன்னவருக்கு, அது இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது, துணி அட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை, உங்கள் மாமியாரின் தாடை பத்திரமாக அவரிடமே இருக்கிறது. எல்லாம் சரி. போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் பழம் கொடுத்து அனுப்பினீர்களே, கூடையில் கைவிட்டு எதைத் தேடி எடுத்தீர்கள்? புத்தகம் இரவல் கேட்டவரிடம் முதுகு கிழிந்த பிரதியை நீட்டியபோது, நல்ல பிரதி எந்தத் தலையணைக்கு அடியில் இருந்தது? உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். அதன் மேல் வேறு ஏதாவது எழுதியிருக்கும். நமக்கெல்லாம் அந்த நோய் கிடையாது என்று சொல்லிக்கொள்வதுதான் அந்த நோயின் முதல் அறிகுறி. என்னைப் போல் மனம் தெளிந்தவர்கள் ஊருக்கு ஒருவர்தான் தேறுவோம்.

இந்த இடம்வரை சத்தமாக வாசித்துக்காட்டி நிமிர்ந்தபோது, எதிரே உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"எல்லாம் சரிம்மா. ஆனா நீ அன்னிக்குச் சொன்னது கடைசிப் பல்லு. போகட்டும். அளவுகோல் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்ககிட்ட இருக்கற மழை ஜன்னல்ல ஒரு தூறல் எதிர்ப்பக்கமா சாயுது. எல்லாரும் ஜன்னலைப் பார்த்துட்டிருந்தப்ப மரத்துப்போனது உன் வாய்தானே, கை இல்லையே? இன்னிக்குக் காலைல உன் தலையணை உறையை மாத்தினேன். ஒழுங்கா பெய்யற மழை அங்கதான் பெஞ்சுட்டிருக்கு."